அக்கா பார்த்த வளைவு

அக்கா தாளைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்து, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இந்தக் கோடு வளைஞ்சிருக்குடி" என்றாள்.

சின்னவளுக்குச் சிரிப்புதான் வந்தது. இருபத்திரண்டு வருடமாகக் கட்டத்தாளில் பென்சில் பிடிக்கிற கை அவளுடையது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு நேர்கோட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வாள்.

"எங்கக்கா வளைஞ்சிருக்கு?"

"இதோ, நடுவுல. யாரோ வயித்துல குத்தின மாதிரி உள்ள போயிருக்கு பாரு."

சின்னவள் பார்த்தாள். கோடு நேராக இருந்தது.

அவர்கள் இருவரும் ஒட்டுப் போர்வை செய்கிறவர்கள். துண்டுத் துணிகளை வெட்டி, கட்டம் கட்டமாக இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்துத் தைக்கிற போர்வை. டிசைன் சின்னவளுடையது. வெட்டும் தையலும் அக்காவுடையது. ஒருத்தி வேலை இன்னொருத்திக்கு வராது. சின்னவள் ஊசி பிடித்தால் கோழி கிண்டின மண் மாதிரி இருக்கும் என்று அக்கா சொல்வாள். வெற்றுத்தாளை முன்னால் வைத்தால் அக்காவுக்குத் தலை சுற்றும்.

யாருடைய டிசைனையும் பார்த்துப் போடுகிற வழக்கம் சின்னவளுக்கு இல்லை. கண்ணில் படுவதெல்லாம் அவளுக்குக் கட்டம்தான். குறுக்கே வெட்டிய முட்டைக்கோஸ், மடித்த குடை, பஸ் நிறுத்தத்துக் கம்பிவேலி என்று எதைப் பார்த்தாலும் பைக்குள்ளிருந்து நோட்டு வெளியே வந்துவிடும். முதலில் பென்சிலில் ஒரு கட்டம். அதையே நான்காகத் திருப்பி வைத்துப் பார்ப்பாள். திருப்பும்போதுதான் ஒரு டிசைனின் யோக்கியதை தெரியும் என்பாள். தனியாக இருக்கும்போது அழகாக இருப்பது பக்கத்தில் இன்னொன்று வந்ததும் பல்லை இளிக்கும். பிறகு கலர் பென்சில். பிறகு கெட்டி அட்டையில் ஒவ்வொரு துண்டுக்கும் அளவு வெட்டுவாள், தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் விட்டு. அந்த அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அக்காவிடம் கொடுப்பதோடு அவள் வேலை முடிந்தது.

அக்கா மாடி அறையில் தனியாக இருந்தாள். காலை ஒன்பது மணிக்குக் கீழே இறங்கி வருவாள். கண்ணாடிக் கூட்டுக்குள் கத்திரிக்கோல் இருக்கும், கண்ணாடி தலைமேல் இருக்கும், கண்ணாடி எங்கே என்ற தேடல் வாயில் இருக்கும். வந்ததும் ஜன்னலோரப் பெரிய மேசையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள்.

அந்த மேசையைச் செய்தவர் சின்னவளின் கணவர். தச்சர். பலகையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, துப்பாக்கியில் குறி பார்க்கிற மாதிரி அதன் ஓரத்தைப் பார்ப்பது அவர் பழக்கம். ரெண்டு கண்ணும் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று சமாதானம் சொல்லிக்கொள்ளும், ஒரு கண்தான் உள்ளதைச் சொல்லும் என்பார். அதைக் கேட்டு அக்காவும் பிடித்துக்கொண்டாள். தைத்த தையலை எல்லாம் வலது கண்ணால் ஒரு முறை குறி பார்க்காமல் மடிக்க மாட்டாள்.

இப்போது அவள் குறை சொன்னது ஒரு புது டிசைன். மாலை நான்கு மணிக்கு ஜன்னல் பலகைகளின் நிழல் மேசைமேல் கோடு கோடாக விழும். அதைப் பார்த்து வரைந்தது. அரை அங்குல அகலத்தில் வெளிச்சமும் நிழலுமாகப் பட்டைகள், ஒரு கட்டத்துக்கு இருபது. 'நாலு மணி' என்று பெயர் வைத்திருந்தாள். பெண்கள் விடுதி ஒன்றைப் புதிதாகத் திறக்கிற அம்மாள் அதைப் பார்த்ததுமே பன்னிரண்டு கட்டிலுக்கும் அதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பட்டை மெலிதானால் தப்பு பெருகும். ஒரு தையலில் நூலளவு பிசகினால் இருபதாவது தையலில் அது விரலளவு. அதனால் அக்கா சொன்னதைச் சின்னவளால் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியவில்லை. சிரித்துவிட்டு, தாளை வாங்கி, இன்னொரு தாளில் மறுபடி போட்டாள்.

மறுநாளும் வளைந்திருந்தது.

"ஸ்கேல் பழசுடி. முனை தேஞ்சிருக்கும்."

புது ஸ்கேல் வாங்கினார்கள். அதற்குப் பிறகும் வளைந்திருந்தது. தாள் ஈரக் காற்றில் ஊதியிருக்கும் என்றாள் அக்கா. தாள் கட்டை மாற்றினார்கள். அப்புறம் விளக்கு. விளக்கை இடம் மாற்றிவிட்டு, கடைசியில் அக்காவின் கண் மேசைமேல் விழுந்தது.

"மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க. உங்க மேசைதான் கோணல்."

பின்கட்டிலிருந்து மரத்தூளோடு வந்த தச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஏன் அண்ணி, பதினாலு வருஷமா இதுமேல உக்காந்து தைக்கிறீங்க. நேத்துதான் கோணிக்கிச்சா?"

"மரம்தானே. மனுஷனே வயசானா கோணிக்கிறான்."

"யாரைச் சொல்றீங்கன்னு தெரியுது." அவர் போய் இரும்பு மூலைமட்டத்தை எடுத்துவந்தார். மேசையின் நான்கு மூலையிலும் வைத்துக் காட்டினார். பிறகு கட்டத்தாளின் மேலும் வைத்தார். இரும்பின் ஓரமும் பென்சில் கோடும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. "மேசையும் நேர், கோடும் நேர். வேற எதையாவது குத்தம் சொல்லுங்க."

அக்காவின் முகம் சின்னதாகிவிட்டது. "இரும்பு சொல்றதை நம்பணும், நான் சொல்றதை நம்பக்கூடாது. சரி, இரும்பையே தைக்கச் சொல்லுங்க."

கத்திரிக்கோலைக் கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடினாள். பிறகு சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள். "நீ சொல்லுடி. உனக்கு எப்படித் தெரியுது?"

சின்னவள் தாளைப் பார்த்தாள். கோடு நேராக இருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் அக்காவின் முகத்தில் ஒரு களைப்பு இருந்தது. அறுபத்தாறு வயதில் ஒருத்தி தன் கண்ணுக்குச் சாட்சி கேட்டு நிற்கிற களைப்பு. ஒத்துக்கொள்வது சின்னவளுக்குச் சிறு வயதிலிருந்தே சுலபமாக வருகிற காரியம். அக்காவோடு எதிர்வாதம் செய்தால் அரைநாள் போகும், ஒத்துக்கொண்டால் அரை நிமிடம். இது ஒரு கோடு. மறுபடி போட்டால் போயிற்று.

"ஆமாக்கா," என்றாள். "லேசா வளைஞ்சுதான் இருக்கு."

"பாத்தீங்களா மாப்பிள்ளை!" அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. கூட்டைத் திறந்து கத்திரிக்கோலை வெளியே எடுத்தாள்.

தச்சர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அக்கா மாடிக்குப் போனபிறகு கேட்டார். "நேரா இருக்கறதை ஏன் வளைஞ்சிருக்குன்னு சொன்னே?"

"விடுங்க. பெரியவ மனசு நோகாம இருக்கட்டும்."

"மனசுக்கும் கோட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

அவருக்கு அக்கா கிடையாது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

அந்த ஒரு 'ஆமா'வுக்குப் பிறகு வீடு அமைதியாகிவிட்டது. கோடு வளைந்திருக்கிறது என்பது இரண்டு பேர் ஒத்துக்கொண்ட விஷயமாகிவிட்டதால் அதைப் பற்றி மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. அக்கா தானாகவே அதைச் சரிசெய்யத் தொடங்கினாள். பட்டைகளை இணைத்துத் தைப்பாள். தையல் நேராக இருக்கும், நூல் பிடித்த மாதிரி. பிறகு தூக்கிப் பிடித்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் குறி பார்ப்பாள். உதட்டைப் பிதுக்குவாள். நேராக இருந்த தையலைப் பிரித்து, நடுவில் கொஞ்சம் வெளியே தள்ளி, வளைத்துத் தைப்பாள். மறுபடி குறி பார்த்து, "இப்பத்தான் நேரா வந்துச்சு" என்பாள்.

விடுதிக்கான மூன்றாவது போர்வையில் சின்னவள் அதைக் கண்டாள். விரித்துப் போட்டபோது ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் துணி லேசாக உப்பி நின்றது. கையால் நீவினால் அடங்கியது, கையை எடுத்தால் எழும்பியது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவளும் சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் சொன்னால், அன்றைக்கு வளைந்திருக்கிறது என்று சொன்னது என்ன ஆகும்? ஒரு பொய்யைத் திரும்ப வாங்குவதைவிட அதைச் சுற்றி ஒரு வேலி போடுவது எளிதாக இருந்தது. அவள் தாளை எடுத்தாள். பட்டைகளின் அகலத்தை அரையிலிருந்து முக்கால் அங்குலமாக்கினாள். உப்புகிற நடுப்பகுதியில் பூப்போட்ட அடர்நிறத் துணி வருகிற மாதிரி நிறங்களை இடம் மாற்றினாள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ஒரு சாம்பல் கரை கொடுத்தாள். உப்பலில் மிஞ்சியதைக் கரை விழுங்கிக்கொண்டது. நான்காவது போர்வை படுத்துக் கிடந்தது, எந்தக் குறையும் தெரியாமல்.

சொல்ல வெட்கம்தான், ஆனால் அன்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு நாள் போட்ட டிசைன்களிலேயே இதுதான் புத்திசாலித்தனமானது என்று தோன்றியது. ஒரு தப்பை அழகாக மறைக்கிற டிசைன். விடுதி அம்மாள்கூட முதலில் பார்த்ததைவிட இது நன்றாக இருக்கிறது என்றார். அக்காவுக்கும் சந்தோஷம். "என் தையல் வாகுக்கு ஏத்த மாதிரி இப்பத்தான் டிசைன் போடக் கத்துக்கிட்டே" என்று தங்கையின் தலையில் தட்டினாள்.

இப்படி ஆறு மாதம் போயிற்று.

பதினோராவது போர்வை முடிந்த அன்று அக்கா மேசையிலிருந்து எழுந்து, சோம்பல் முறித்து, சமையலறைப் பக்கம் திரும்பினாள். பழக்கதோஷத்தில் இடது கண்ணை மூடி எதிரே இருந்த கதவைக் குறி பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மாப்பிள்ளை! மேசைதான் கோணல்னு நெனச்சேன். உங்க வாசக்காலும் வளைஞ்சிருக்கே! நடுவுல பாம்பு மாதிரி நெளியுது."

தச்சர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "வீடே கோணல்தான் அண்ணி. நீங்க ஒருத்தர்தான் நேரு" என்று அவரும் சிரித்தார்.

சின்னவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள். வாசக்காலை அவள் வரையவில்லை. பென்சில், ஸ்கேல், தாள், எதுவும் அந்த வாசக்காலைத் தொட்டதில்லை.

"அக்கா, இடது கண்ணைத் திற."

"ஏன்?"

"தெற. இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப நேரா இருக்கு."

"வலது கண்ணை மூடு."

"நேரா இருக்கு."

"இடதை மூடு."

அக்கா மூடினாள். சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றிருந்தது. "வளைஞ்சிருக்கு," என்றாள். பிறகு, ஒரு குழந்தையிடம் விளக்குகிற மாதிரி, "நடுவுல மட்டும்தான்" என்றாள்.

கண் டாக்டர் முப்பத்தைந்து வயதுகூட ஆகாத பெண். பரிசோதனையெல்லாம் முடித்து, இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அக்காவின் முன்னால் வைத்தார். சின்னவள் எட்டிப் பார்த்தாள். கட்டத்தாள். சின்னச் சின்னச் சதுரங்கள், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி ஒன்றுதான் அதிகம், மற்றபடி அவள் மேசைமேல் கட்டுக்கட்டாகக் கிடக்கிற அதே தாள்.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டு நடுப்புள்ளியைப் பாருங்கம்மா. சுத்தி இருக்கற கோடெல்லாம் நேரா தெரியுதா?"

"இதைத்தான் தினம் செய்யறேனே," என்றாள் அக்கா.

டாக்டர் நிமிர்ந்தார். "தினமுமா? எத்தனை நாளா வளைஞ்சு தெரியுது?"

"ஒரு ஆறு மாசம் இருக்கும்."

"ஆறு மாசமா? ஏம்மா வரலை?"

"தாள்லதான் தப்புன்னு நெனச்சோம் டாக்டர்." அக்கா தங்கையைக் காட்டினாள். அந்தக் கை காட்டலில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. கடையில் கூட வந்தவளைக் காட்டுகிற மாதிரிதான் காட்டினாள். "எனக்கு மட்டும் அப்படித் தெரிஞ்சிருந்தா உடனே வந்திருப்பேன். இவளும் பாத்துட்டு வளைஞ்சுதான் இருக்குன்னு சொன்னா. ரெண்டு பேர் கண்ணும் ஒண்ணா கெட்டுப்போகாதே, அதான் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்."

டாக்டர் சின்னவளைப் பார்த்தார். "உங்களுக்கும் அப்படித் தெரிஞ்சுதா? அப்ப உங்க கண்ணையும் பாத்துடலாமே."

"இல்ல... எனக்கு..." என்றாள் சின்னவள். டாக்டர் அதற்குள் அக்காவின் பக்கம் திரும்பிவிட்டிருந்தார்.

கண்ணுக்குப் பின்னால் திரை மாதிரி ஒன்று இருக்கிறது, அதன் நடுவில் நீர் கசிந்து மேடு தட்டியிருக்கிறது என்று விளக்கினார். மேட்டின்மேல் விரித்த துணியில் கோடு எப்படி வளையும், அப்படி. தையல்காரிக்குப் புரியட்டும் என்று சொன்னார் போலிருக்கிறது. நன்றாகவே புரிந்தது. ஊசி போடலாம், மேற்கொண்டு கெடாமல் பார்க்கலாம். போனது போனதுதான். முன்னாலேயே வந்திருந்தால் நிறையக் காப்பாற்றியிருக்கலாம். கடைசி வாக்கியத்தை அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். தாழ்த்தியதாலேயே அது அறை முழுக்கக் கேட்டது.

பஸ் நிறுத்தத்தில் கம்பிவேலிக்குப் பக்கத்தில் நின்றார்கள். சின்னவள் எப்போதோ டிசைனாக வரைந்த அதே வேலி. அக்கா திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவள் காத்திருந்தாள். அக்கா திட்டுவதில் வஞ்சனை வைக்கிறவள் இல்லை. பால் பொங்கிவிட்டாலே ஏழு தலைமுறையை இழுப்பாள். இன்று வேலியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"நீ பாத்தப்போ வளைஞ்சுதானே இருந்துச்சு?" என்றாள். கேள்விதான். ஆனால் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"பஸ் வந்துடுச்சுக்கா," என்றாள் சின்னவள். வந்துகொண்டுதான் இருந்தது, தூரத்தில்.

அதன்பிறகு மாதம் ஒரு ஊசி. ஊசி போட்ட அன்று அக்கா மாடிக்குப் போகாமல் கீழேயே படுத்திருப்பாள். வளைவு நின்றது. ஆனால் வளைந்த இடத்தில் ஒரு மங்கல் வந்து உட்கார்ந்துகொண்டது. வலது கண்ணால் பார்த்தால் எதிரில் இருக்கிறவருக்குக் காது தெரியும், முடி தெரியும், மூக்கு இருக்காது. "மாப்பிள்ளை இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கார்" என்று அக்கா சொன்னபோது தச்சர் சிரித்தார், எழுந்துபோய்ப் பின்கட்டில் மரத்தை இழைக்கத் தொடங்கினார். வெகுநேரம் இழைத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது போர்வையை இடது கண்ணின் தயவில் முடித்தார்கள். கரை இல்லாத பழைய 'நாலு மணி' டிசைனிலேயே. நேராக வந்தது. அதுதான் சின்னவளைக் கொன்றது.

அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஏதாவது செய்ய வேண்டும், அவளுக்குத் தெரிந்தது டிசைன் ஒன்றுதான். அக்காவுக்கு வளைந்து தெரிந்ததை, அவள் சொன்னதை வைத்து வரைந்து பார்த்தாள். நான்கு பக்கமும் நேர்ப் பட்டைகள், நடுவில் மட்டும் ஒரு சுழி. திருப்பித் திருப்பி வைத்தபோது அழகாகக்கூட இருந்தது. கொண்டுபோய்க் காட்டினாள்.

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். "என் சீக்கைப் போர்வையாத் தைக்கச் சொல்றியா?" என்று திருப்பிக் கொடுத்தாள். கோபம்கூட இல்லை. "வேற எதாவது போடு. முட்டைக்கோஸ் மாதிரி."

அக்கா மாடிக்குப் போகும்வரை காத்திருந்து சின்னவள் அந்தத் தாளைக் கிழித்தாள். அன்பு என்று தான் இவ்வளவு காலம் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி சோம்பல்தானோ என்று அப்போது தோன்றியது. எதிர்த்துப் பேசுகிற சிரமத்துக்குச் சோம்பி, அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறாள். ஒரு டிசைனைத் திருப்பி வைத்துப் பார்க்கத் தெரிந்தவளுக்குத் தன்னைத் திருப்பி வைத்துப் பார்க்கத் தெரியவில்லை. தெரிந்துகொண்டும் என்ன? ஆறு மாதத்தைப் பிரித்துத் தைக்க முடியாது.

டாக்டர் கொடுத்த கட்டத்தாள் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. ஒரு கண்ணுக்கு வந்தது மற்றதுக்கும் வரலாம், தினம் காலையில் இடது கண்ணால் பாருங்கள், ஒரு கோடு நெளிந்தாலும் அன்றைக்கே வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். ஒன்பது மணிக்கு அக்கா இறங்கி வருவாள். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு தாளின் முன்னால் நிற்பாள். சின்னவள் பின்னால் நிற்பாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"நேரா இருக்கு."

தினமும் அதே பதில். முதலில் அது நிம்மதியாக இருந்தது. பிறகு மெல்ல மெல்லப் பயமானது. அக்கா சொல்வது உண்மையா? தங்கை மனம் நோகக்கூடாது என்று சொல்கிறாளா? அக்காவின் கண்ணுக்குள் போய்ப் பார்க்க வழியில்லை. அவள் நேர் என்றால் நேர், வளைவு என்றால் வளைவு. ஒரு மனுஷி சொல்வதை அப்படியே நம்புவதைத் தவிர வேறு கதியில்லை என்பது எவ்வளவு பயங்கரம் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அக்கா அவளை அப்படித்தான் நம்பியிருந்தாள்.

ஒரு வாரமாக அக்கா தாளின் முன்னால் நிற்கிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. கண்ணைப் பொத்துவதற்கு முன்பே "நேரா இருக்கு" என்று பதில் வந்துவிட்டது.

சின்னவள் உட்கார்ந்து ஒரு தாள் வரைந்தாள். டாக்டரின் தாளைப் போலவே, அதே அளவுச் சதுரங்கள், நடுவில் அதே புள்ளி. ஒரு வித்தியாசம்: இடதுபக்கக் கீழ் மூலையில், கடைசி வரிசைக்கு முந்தின கோட்டை ஒரு நூலளவு வளைத்துப் போட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் வேண்டுமென்றே போட்ட முதல் கோணல். காலையில் அக்கா இறங்குவதற்கு முன் பழைய தாளை எடுத்துவிட்டு அதை ஒட்டினாள். அக்கா தாளை உண்மையிலேயே பார்த்தால் வளைவைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பார்க்காமலே சொல்கிறாள் என்று ஆகும்.

அக்கா வந்தாள். கண்ணைப் பொத்தினாள். இன்று ஏனோ கொஞ்சம் கூடுதலாக நின்றாள்.

"நேரா இருக்கு," என்றாள்.

சின்னவளுக்குத் தாங்கவில்லை. "அக்கா, பொய் சொல்லாதே. அது டாக்டர் தாள் இல்ல. நான் வரைஞ்சது. அதுல ஒரு கோட்டை நானே வளைச்சு வெச்சிருக்கேன்."

அக்கா சட்டென்று திரும்பினாள். தங்கை எதிர்பார்த்த கோபம் அந்த முகத்தில் இல்லை. விளக்குப் போட்ட மாதிரி முகம் தெளிந்துவிட்டது.

"அடிப்பாவி! நீ வரைஞ்சதா?" நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "இப்பப் பாத்தப்போ ஒரு கோடு நெளிஞ்சுது. சரி, இந்தக் கண்ணும் போச்சுன்னு நெனச்சேன். உன்கிட்ட சொன்னா நீ சோறு தண்ணி இல்லாம உக்காந்துடுவேன்னு வாயை மூடிக்கிட்டேன். விளையாட்டு காட்டற வயசாடி உனக்கு? கட்டம் போட்டே என்னைக் கொன்னுடுவே போலிருக்கே!"

சிரித்தாள். ஊசி போடத் தொடங்கியபிறகு அக்கா இப்படிச் சிரித்ததே இல்லை. மறுபடி வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, தாளில் விரல் வைத்தாள்.

"இதானே? இங்கதானே வளைச்சே?"

விரல் புள்ளிக்கு மேலே, கொஞ்சம் வலதுபக்கம் இருந்தது. அங்கே இருந்த கோடுகள் எல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்கோடுகள். சின்னவள் வளைத்த கோடு எங்கோ கீழே, இடது மூலையில், யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

"இதானே?" என்றாள் அக்கா இன்னொரு முறை. சிரிப்பு இன்னும் உதட்டில் இருந்தது.

ஆமாக்கா என்று ஒரு வார்த்தை. நாக்கின் நுனிக்கு அது தானாகவே வந்து நின்றது, வீட்டுப் பூனை மாதிரி. சொன்னால் அக்கா போய் மேசையில் உட்காருவாள். கண்ணாடியைத் தேடுவாள். இன்னும் ஒரு காலைப்பொழுது எல்லாரும் நன்றாக இருப்பார்கள்.

"இல்லக்கா," என்றாள் சின்னவள். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "அந்தக் கோடு நேராத்தான் இருக்கு."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். நேராத்தான் இருக்கு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அன்னைக்கும் நேராத்தான் இருந்துச்சு. நான்தான் வளைஞ்சிருக்குன்னு சொன்னேன்."

பின்கட்டில் இழைப்புளி ஓடுகிற சத்தம் கேட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை. உதட்டிலிருந்த சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை. சின்னவளுக்குத் தன் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"டாக்டர் எத்தனை மணிக்கு வருவாங்க?" என்றாள் அக்கா.

"பத்து மணிக்கு. இப்பவே கிளம்பலாம்க்கா. நான் போய் அவரைக் கூப்பிடறேன்."

"இரு. விரலை எடுத்தா எடம் தப்பிடும்." அக்கா அசையாமல் நின்றபடியே சொன்னாள், துணியில் குறி போடச் சொல்கிற அதே குரலில். "பென்சில் கொண்டாந்து இங்க ஒரு புள்ளி வெச்சுடு. அவங்ககிட்ட காட்டணும்."

சின்னவள் பென்சில் எடுத்துவந்தாள். அக்காவின் விரல் நுனிக்குப் பக்கத்தில் தாளைத் தொட்டாள். புள்ளி வைக்கப் போன இடத்தில் சின்னதாக ஒரு கோடு விழுந்தது. வளைந்த கோடு.